மிதப்பதெல்லாம் படகு

பேணாட் முப்பத்தொரு வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். பில் கட்டப் போன அந்த மனிதரிடம்தான் கேபிள் டீவிக் கம்பனியின் இணையப் பக்கம், "நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்ய, படகுகள் உள்ள படங்களைத் தெரிவு செய்க" என்று கேட்டது.

இதென்ன பெரிய வேலை என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒன்பது படங்கள். முதலாவது சரக்குக் கப்பல். கப்பலைப் படகென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அடுத்தது தோணி. தோணி தோணிதான். இன்னொன்றில் பாய்மரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. கடைசியில், ஒரேயொரு பைபர் படகைத் தொட்டார்.

'தவறு. மீண்டும் முயல்க.'

ஏழு தரம் முயன்றார். ஏழாவது தரம் பக்கம் பூட்டிக்கொண்டது.

"அது உங்களுக்குச் சோதினை வைக்கேல்லயப்பா, மனிசரோ எண்டுதான் கேக்குது" என்றாள் மனைவி அஞ்சலினா. நாடகம் பார்க்க முடியாத மூன்றாம் நாள் அது.

"படகெண்டா என்னெண்டு தெரியாதவன் என்னை மனிசனோ எண்டு கேக்க ஏலாது" என்றபடி சட்டையை மாட்டிக்கொண்டு கம்பனி அலுவலகத்துக்கே போனார்.

அங்கே பில் கட்டும் இடத்தில் லோஜினி என்ற பிள்ளை இருந்தாள். "இஞ்ச காசு எடுக்கிறேல்ல ஐயா. ஒன்லைன்லதான் கட்டவேணும்."

"ஓம் பிள்ளை, அது என்னை ரோபோ எண்டு சொல்லுது."

லோஜினி தன்னுடைய கணினியில் அதே பக்கத்தைத் திறந்தாள். படங்கள் வந்தன. தெரிவு செய்தாள். இன்னொரு தரமும் தெரிவு செய்துவிட்டு, "என்னையும் அப்பிடித்தான் சொல்லுது" என்றாள்.

வரிசையில் பின்னால் நின்ற மீன் வியாபாரி பஹ்மி எட்டிப் பார்த்தார். "அந்த மஞ்சள் சாமான் தண்ணில ஓடுற மோட்டசைக்கிள். அத உட்டுடுங்க." அதற்கு வேறொருவர் மறுப்புச் சொல்ல, வரிசை குலைந்து கணினியைச் சூழ்ந்துகொண்டது. சத்தம் கேட்டு வந்த முகாமையாளர் குணரத்தினமும் ஒருதரம் முயன்று ரோபோவானார்.

பேணாட்டுக்கு அப்போதுதான் விளங்கியது. "நாங்கள் எல்லாரும் கடலைக் கண்ட ஆக்கள். அதுதான் பிழை. கடல் தெரியாத ஆள் ஆரும் இருக்கோ?"

வாசற்காவலாளி இராசையாவைக் கூட்டிவந்தார்கள். மலைநாட்டு ஹற்றனில் இருந்து வந்து இரண்டு வாரம்தான். அவர் குனிந்து பார்த்தார். கப்பல், தோணி, மஞ்சள் சாமான், பாய்மர நுனி என்று கடகடவென்று தொட்டார். மூலையில் நீந்திக்கொண்டிருந்த தாரா வாத்தையும் தொட்டார்.

"தம்பி, அது தாரா" என்றார் பேணாட்.

"தெரியுதுங்க. ஆனா மிதக்குதுங்களே."

'நன்றி. நீங்கள் மனிதர்' என்றது கணினி.

பேணாட்டின் பில் ஒரு நிமிடத்தில் கட்டப்பட்டது. வீட்டுக்குப் போகலாம்தான், ஆனால் அந்தத் தாரா அவரை விடவில்லை. பத்து நிமிடம் அங்கேயே நின்றார். அதற்குள் லோஜினி வயரை யன்னல் வழியாக நீட்டி, கணினியைக் காவலாளியின் மேசைக்குக் கொண்டுபோய்விட்டாள். வரிசை முழுவதும் வெளியே திரும்பி இராசையாவின் முன்னால் நின்றது.

வாசலில் வாகனம் ஒன்று ஹோன் அடித்தது. குணரத்தினம் போய் கேற்றைத் திறந்துவிட்டார்.