ஆகஸ்ட்டில் கூட்டிவர வேண்டிய குழந்தை

ஒன்பதாயிரம் அடி உயரத்தில் சாதம் வேகவில்லை. டெக்சாஸின் ரவுண்ட் ராக்கிலிருந்து மினிவேனில் மடியில் வைத்துக்கொண்டு வந்த ரைஸ் குக்கரை ஸ்வர்ணா இரண்டாம் முறையாகத் திறந்து, ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, "நடுவுல இன்னும் கல்லாட்டம் இருக்கு. தயிரப் போட்டுப் பிசைஞ்சிடறேன். மலை ஏறினா பசில எல்லாம் எறங்கிடும்" என்றாள். கேபின் படியில் உட்கார்ந்து ஸ்வர்ணாவின் இரண்டு வயது மகள் மீனாக்ஷிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள் யாமினி. மீனுவுக்கு ஆறாம் நம்பர். தன் மகள் வான்மதிக்கு எத்தனையாம் நம்பர் என்று அவளுக்குத் தெரியாது. மார்ச் மாதம் ஊருக்கு அனுப்பிய ஷூ பெரிதாக இருந்ததா, பிடித்ததா என்று அக்கா சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

வான்மதிக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, பிரசவத்துக்கு வந்திருந்த யாமினியின் அம்மா கோபிசெட்டிபாளையத்துக்குத் திரும்பினாள். கையோடு குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனாள். டேகேரில் விட்டால் மாதத்துக்கு இரண்டு காய்ச்சல். யாமினிக்கும் அவள் கணவன் செழியனுக்கும் புது வேலை. வேலை போனால் விசாவும் போகும். ஆறு மாதம்தானே என்றார்கள். அவர்கள் அபார்ட்மெண்டிலேயே அப்படி அனுப்பியவர்கள் மூன்று வீட்டில் இருந்தார்கள். அந்த வீடுகளில் ஒருவரை ஒருவர் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை. ஆறு மாதம் பதினாறு மாதமாகிவிட்டது. தூக்கிப் போனது அம்மா என்றாலும் வளர்ப்பது அக்கா கண்மணிதான். கல்யாணமாகிப் பதினோரு வருடம், அவளுக்குக் குழந்தை இல்லை.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி போய்க் கூட்டிவர டிக்கெட் எடுத்தாயிற்று. புதன்கிழமை போனில் தேதியைச் சொன்னபோது அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. "கூட்டீட்டுப் போறது என்னைக்குன்னு மட்டும் கரெக்டாச் சொல்லீரு சாமி. அன்னைக்கு நான் ஊர்ல இருக்கமாட்டேன்" என்றாள். பின்னால் குழந்தை "ம்மா, ம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிட்டது அக்காவை. யாமினி அன்றைக்கு அழுததைப் பார்த்துத்தான் செழியன், "லாங் வீக்கெண்ட் கொலராடோ போறோமில்ல, அங்க வச்சு நிதானமாப் பேசலாம்" என்றான். ஆயிரம் மைல் டிரைவ் பண்ணி வந்தும் பேசவில்லை. வழியெல்லாம் மைலேஜைப் பற்றி ஸ்வர்ணாவின் கணவர் சுந்தரராமனோடு பேசினான்.

மரங்கள் நின்றுபோன இடத்தில் புல்வெளி ஆரம்பித்தது. ஜூலையிலும் மேட்டின் நிழலில் அழுக்குப் பனி கிடந்தது. அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, புல்லுக்குள் நூறு வாய்க்காலாகப் பிரிந்து, கால் வைத்த இடமெல்லாம் சத்தம் போட்டது. நீலமும் சிவப்புமாகப் பூக்கள் கணுக்கால் உயரத்துக்கு மேல் வளரத் தைரியமில்லாமல் தரையோடு ஒட்டியிருந்தன. இரண்டு மாதத்துக்குள் பூத்து, காய்த்து, விதை போட்டுவிட வேண்டும். அப்புறம் மறுபடி பனி. பத்து அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்தது.

"பன்னெண்டுக்குள்ள எறங்கிடணும், ரேஞ்சர் சொல்லிருக்கான்" என்றார் சுந்தரராமன். "இடி விழுந்தா இந்தப் பக்கத்துலயே உசரமான பொருள் நாமதான்."

"நீங்க கவலப்படாதீங்க. செழியன் உங்களவிட ஒசரம், பக்கத்துல நின்னுக்கோங்க, உங்கள விட்ரும்" என்றாள் ஸ்வர்ணா.

செழியன் சிரித்தான். ஸ்வர்ணா ஒரு பாறையில் உட்கார்ந்து, மீனுவைத் தூக்கிவந்த முதுகைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கோ யாமினி. குழந்தை வந்துட்டா இதெல்லாம் முடியாது" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தயிர்சாத டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். குழந்தை இனிமேல்தான் பிறக்கப்போகிறது என்பதுபோல எல்லோரும் பழகிவிட்டார்கள் என்று யாமினி நினைத்தாள். இவளும்தான்.

அதற்குமேல் மீனு நடக்க மாட்டேன் என்றாள். யாமினி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஐந்து நிமிடத்தில் குழந்தை தூங்கிவிட்டது. இடது முழங்கை மடிப்பில் அதன் எடை முழுவதும் இறங்கியது. கழுத்தில் சூடாக மூச்சு பட்டது. சன் ஸ்க்ரீனும் தயிரும் கலந்த வாசனை. "குடு, கை வலிக்கும்" என்று ஸ்வர்ணா இரண்டு தரம் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "தூங்கட்டும், பரவால்ல" என்று சொல்லிவிட்டு யாமினி வேகமாக முன்னே நடந்தாள். மூச்சு இளைக்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. முடியும் என்று தோன்றியது. திரும்பும் வழியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அடுத்த விமானத்துக்கு ஏழு மணிநேரம் காத்திருக்கவேண்டும், இப்படியே தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். நாலு நாள் அழும், பத்து நாள் அழும். பதினோராம் நாள் இப்படித்தான் தூங்கும். மலை ஏறி வந்ததற்கு அந்த முக்கால் மணிநேரம் போதும் என்றிருந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்பதைக்கூட வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மீனு விழித்துக்கொண்டாள். உடனே அழவில்லை. தலையைப் பின்னுக்கு இழுத்து யாமினியின் முகத்தைப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. பிறகு உடம்பை வில்லாக வளைத்து "மம்மி" என்று அலறினாள். இரண்டு கைகளையும் யாமினியின் தோளுக்குப் பின்னால், காலியான புல்வெளியை நோக்கி நீட்டினாள். அந்த வெட்டவெளியில் அழுகை எதிலும் முட்டித் திரும்பவில்லை, போய்க்கொண்டே இருந்தது. ஸ்வர்ணா மூச்சு வாங்க ஓடிவந்து வாங்கியதும் குழாயை மூடியதுபோல நின்றுவிட்டது.

"தப்பா எடுத்துக்காத. தூங்கி எழுந்தா யாரப் பாத்தாலும் இப்படித்தான்."

"பரவால்ல."

ஸ்வர்ணா நாற்பது அடி தூரத்தில் இருந்தாள், ஓடிவந்தாள். கோபியில் கார் கிளம்பிய பிறகு வான்மதியின் கை நீளும் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அதைப் பார்க்க முடியாமல்தான் அக்கா ஊரில் இருக்கமாட்டேன் என்றாள். இது யாமினிக்குப் புதன்கிழமையே புரிந்திருக்கவேண்டும்.

மேற்கே மேகம் கறுத்தது. சுந்தரராமன் எல்லோரையும் விரட்டினார். தலைவழியே பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். யாமினியும் செழியனும் கடைசியாக வந்தார்கள்.

"ஏங்க."

"ம்."

"ஆகஸ்ட்ல நாம போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

"பாப்பா?"

"அங்கயே இருக்கட்டும்."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. நீளமாக மூச்சு விட்டான். இறக்கத்தில் யாருக்கும் அப்படி இளைக்காது. புதன்கிழமையிலிருந்தோ, அதற்கும் முன்பிருந்தோ இவள் வாயிலிருந்து இது வரட்டும் என்று அவன் காத்திருந்திருக்கிறான். திட்ட வாயெடுத்தாள். தன் நெஞ்சுக்குள்ளும் அதே மாதிரி ஏதோ ஒன்று தளர்ந்து உட்கார்ந்ததை அப்போது உணர்ந்தாள். திங்கட்கிழமை எட்டரை மணிக்கு வழக்கம்போல ஆபீஸ் போகலாம். அவனை மன்னித்துவிடலாம், தனக்குள் தளர்ந்த இதை முடியாது.

"அடுத்த வருஷம் கிரீன் கார்டு ஃபைல் பண்ணிட்டா கண்டிப்பா..." என்றான்.

"அடுத்த வருஷம்னு சொல்லாதீங்க."

இடி இரண்டு மலைக்கு அப்பால் உருண்டது. ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. முதலில் புல்லில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துள்ளியது, பிறகு பூக்களை எல்லாம் படுக்கவைத்துவிட்டு வெள்ளையாகக் கொட்டியது. கீழே ஸ்வர்ணா மீனுவைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு ஓடினாள். செழியன், "ஓடு யாமினி" என்று கத்திக்கொண்டு முன்னே போனான். அவள் ஓடவில்லை. இடது கை இன்னும் குழந்தையை வைத்திருந்த வாக்கிலேயே மரத்து மடங்கியிருந்தது. முழங்கை வளைவில், பிளாஸ்டிக் மடிப்புக்குள், ஆலங்கட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்து சேர்ந்தன. கையை நீட்டினால் கொட்டிவிடும். நீட்டாமல், பாதையைப் பார்த்துக் கால் வைத்து, மெல்ல இறங்கினாள்.