ஏழாம் லைன் மாதிரி விடை

காலை ஒன்பதே முக்காலுக்கு அம்சவேணியின் விடைத்தாள் வாட்ஸப் குழுவில் நாற்பத்திரண்டு பேருக்குப் போய்ச் சேர்ந்தது. மேலே சிவப்பு மையில், ‘மாதிரி விடை. இருபதுக்குப் பதினான்கு. சமூகவியல் எடுத்தவர்கள் இப்படி எழுதப் பழகுங்கள்’ என்று ஜோதிமணி மேடம் குறித்திருந்தார். ஊட்டி காந்தலில் சிவில் சர்வீஸ் தேர்வுக்குச் சமூகவியல் சொல்லித்தருகிறவர் அவர். அரை மதிப்பெண் போடுவதற்குக்கூட ஆயிரம் யோசனை பண்ணுகிற கை. அந்தக் கையிலிருந்து பதினான்கு வாங்கியவர் அதுவரை யாருமில்லை.

பின்னாலேயே இன்னொரு செய்தி. மெயின்ஸ் தேர்வுக்கு மிச்சமிருந்த ஆறு வாரமும் சென்னை விடுதியில் செலவில்லாமல் தங்கிப் படிக்க ஒரே ஓர் இடம் இருந்தது. அது அம்சவேணிக்கு என்று மேடம் அறிவித்திருந்தார். சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், லைன் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், மூன்றாவது முறையாகத் தேர்வுக்கு முட்டிமோதிக்கொண்டிருந்தவள் சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்தினாள். கேட்க வீட்டில் ஆளில்லை. அம்மா மல்லிகா கொழுந்து பறிக்கப் போயிருந்தாள்.

பதினான்கு சும்மா வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் அவள் சமூகவியலைப் படித்த லட்சணம் சிரிப்பாய்ச் சிரித்தது. பாடத்திட்டத்து அறிஞர்கள் ஆறு பேரையும் வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டாள். கேட்ட கேள்வி எதுவானாலும் அந்த ஆறு பேரையும் கொண்டுவந்து நிறுத்தினாள். ‘எல்லாம் சரி, உங்கள் ஊர் எங்கே?’ என்று எழுதி மேடம் தாளைத் திருப்பிவிடுவார். பிறகு அவரே வழியும் சொன்னார். ஒரு தலைப்புக்கு ஒரு வரையறை, ஆதரவாக ஓர் அறிஞர், எதிராக ஒருவர், கடைசியில் கண்ணால் பார்த்த ஒரு சான்று. எல்லாம் இருநூற்றைம்பது சொல்லுக்குள், பதினான்கு நிமிடத்துக்குள். அம்சவேணி பாடத்திட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்பு மேடைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். ஒவ்வொரு துண்டுக்குக் கீழும் எஸ்டேட்டில் பார்த்த ஒன்றை எழுதிவைத்தாள்.

‘உழைப்பும் முறைசாரா ஒத்துழைப்பும்’ என்ற துண்டுக்குக் கீழே அவள் எழுதியது பக்கத்து வீட்டு வீரம்மாவை.

வீரம்மாவுக்கு இடுப்பெலும்பு தேய்ந்துபோய் எட்டு மாதமாகத் தேயிலைக் காட்டுக்குப் போக முடியவில்லை. ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதுவரை எஸ்டேட்டின் ஆள் பதிவேடான செக்ரோலில் அவள் பேர் நின்றால்தான் வேலையும் வீடும் மருமகள் சுஜாதாவுக்கு மாறும். நடுவில் பேரை அடித்துவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஆகவே சுஜாதா தினமும் மாமியார் பேரில் போய்ப் பறித்தாள். சூப்பர்வைசர் நல்லசாமி தெரிந்தும் தெரியாதவர் மாதிரி ‘வந்தாச்சு’ என்று குறித்துக்கொண்டார். இப்படி ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் பறிப்பது அந்த லைன்களில் வழக்கம்தான். லைனில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், லைனைத் தாண்டி ஒருவருக்கும் தெரியாது.

அம்சவேணி விடையில் பேரைப் போடவில்லை. ரொம்பக் கவனம்தான். ஏழாம் லைன், இடுப்பு நோய், ஓய்வுக்கு ஐந்து மாதம், பறிப்பது மருமகள் என்று மற்ற எல்லாவற்றையும் போட்டிருந்தாள். ‘பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், குறிப்பாக எழுதுங்கள்’ என்று மேடம் சொன்னதை அவ்வளவு சிரத்தையாகக் கேட்டிருந்தாள்.

ஒன்பது ஐம்பதுக்குக் குழுவில் ஒரு கேள்வி விழுந்தது. ‘அருமைங்க. இந்த ஏழாம் லைன் எந்த எஸ்டேட்டுங்க?’ கேட்டவர் பெயர் விஜயபாஸ்கர். யாராயிருக்கும் என்று அம்சவேணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்பு இதே எஸ்டேட்டுக்கு மாற்றலாகி வந்த பீல்டு ஆபீசர். அவரும் பரீட்சைக்குப் படிக்கிறார் என்று அவள் கண்டாளா?

பதில் போடாமல் இருந்துவிடலாம் என்று நினைப்பதற்குள் குன்னூர்க்காரி ஒருத்தி உபகாரம் பண்ணிவிட்டாள். ‘அம்சவேணி சேரம்பாடிதானே!’ என்று எழுதி, கூடவே கைதட்டுகிற படம் மூன்று. விஜயபாஸ்கர் நன்றி என்று மட்டும் போட்டார். விடையை எடுத்துவிடச் சொல்ல மேடத்தைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

பறித்த கொழுந்துக்குப் பத்தரைக்கு முதல் எடை, அதற்குள் சுஜாதாவை எச்சரிக்க வேண்டும். பன்னிரண்டாம் நம்பர் காட்டுக்கு மேட்டில் இருபது நிமிட நடை. அம்சவேணி துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த வீரம்மா எட்டிப் பார்த்தாள்.

“இந்த மழையில எங்கடி ஓடுற?”

“சும்மா பெரியம்மா, அம்மாவப் பாக்க.”

சொல்லியிருக்க வேண்டும். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். காலில் அட்டை ஏறுவதைக்கூடத் தட்டிவிடாமல் ஓடினாள்.

எடை மெஷினைச் சுற்றி இருபது பெண்கள் கொழுந்து மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். வழக்கமாக நம்பர் கூப்பிடும் நல்லசாமி தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் நின்றிருந்தார். பதிவேடு விஜயபாஸ்கர் கையில் இருந்தது. ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு, பேர் கேட்டு, முகத்தைப் பார்த்து, அதன்பிறகே எடை போட்டார். இரண்டு பேருக்குப் பின்னால் சுஜாதா நின்றாள்.

“சார்!” அம்சவேணி மூச்சு வாங்க அவர் முன்னால் போய் நின்றாள். “அந்தப் பதில் எழுதினது நான்தாங்க.”

“தெரியுமுங்க. நல்லா எழுதியிருக்கீங்க.” அவர் குரலில் கேலி இல்லை. “ஏழாம் லைன்ல ஓய்வுக்கு அஞ்சு மாசம் இருக்கறது ஒரே ஒருத்தருதானுங்க. இருநூத்திப் பதினாலு, வீரம்மா.”

“அது நெசமில்லீங்க. கற்பனை.”

“நேரடிக் கள ஆய்வுன்னு போட்டிருக்கீங்களே?”

“மார்க்குக்காக இட்டுக்கட்டினேனுங்க.”

விஜயபாஸ்கர் பதிவேட்டை மூடினார். மழை அவர் குடையில் கொட்டியது. “எங்கிட்ட சொன்னா ஆச்சுங்களா? அந்தக் குரூப்ல நாப்பது பேரு படிச்சிருக்காங்க. நாளைக்கு மேனேஜர் காதுக்குப் போனா நான் எதைக் காட்டறது? நீங்க இப்ப சொன்னதை அங்கயே எழுதிப் போட்ருங்க. எழுதினீங்கன்னா இன்னைக்கு மீதி எடையை நல்லசாமியே பாத்துக்கட்டும்.”

அவர் வழி விடுகிறாரா, வலை விரிக்கிறாரா என்று அம்சவேணிக்கு விளங்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்தது, எழுதினால் சென்னை போச்சு. வரிசையின் கடைசியில் அம்மா நின்றாள். தலையில் கட்டிய பிளாஸ்டிக் தாள் முகத்தில் இறங்கியிருந்தது. அம்மா நிமிர்ந்தே பார்க்கவில்லை. மகளை நினைத்துக் கூசிப்போய் நிற்கிறாள் என்று அம்சவேணி நினைத்தாள், அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஈர விரலுக்கு போன் மசியவில்லை. சுடிதாரில் துடைத்துத் துடைத்து எழுதினாள். ‘என் விடையில் உள்ள கள ஆய்வு பொய். மதிப்பெண்ணுக்காக நானே கட்டிய கதை. மன்னிக்கவும்.’

விஜயபாஸ்கர் தன் போனில் அதைப் படித்தார். பதிவேட்டை நல்லசாமி கையில் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஜீப்புக்கு நடந்தார்.

பதினோரு மணிக்கு மேடம் பதில் போட்டார். ‘கள ஆய்வை இட்டுக்கட்டுகிறவருக்கு என் வகுப்பில் வேலையில்லை. சென்னை இடம் வேறொருவருக்கு.’ அதற்கு அடுத்த நிமிடம் குழுவிலிருந்து அவளை நீக்கிவிட்டார். அந்தப் பாடத்தில் அவளுக்குப் பதினான்கு வாங்கித்தந்த உண்மையை அவளே பொய்யென்று சொல்லியிருந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

நான்கு மணிக்குச் சுஜாதா வந்து, “மாமி கூப்புடுது” என்றாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்சவேணி போனாள். வீரம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“என்னத்த எழுதுன? வாசிச்சுக் காட்டு.”

அம்சவேணி போனைப் பார்த்து முழுவதையும் வாசித்தாள். வீரம்மா கடைசி வரை கேட்டாள்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒண்ணுதான் தப்பு.”

“என்ன பெரியம்மா?”

“மருமக மட்டும்னு போட்டிருக்க. சுஜாதா போன மாசம் காய்ச்சல்ல படுத்தாளே, ரெண்டு வாரம்? அப்ப என் பேருக்கும் சேத்து உங்கம்மாதான் பறிச்சா. இன்னிக்கு அவன் ஒவ்வொருத்தியா விசாரிச்சிருந்தா, சுஜாதாவுக்கு அடுத்து மாட்டுறது அவதான். ஒங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா, படிக்கிற புள்ள பயந்துரும்னு.” வீரம்மா வலித்த இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சத்தியத்த மீறியாவது சொல்லியிருப்பேனே.”

அம்சவேணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். வரிசைக் கடைசியில் அம்மா நிமிராமல் நின்றது எதற்கென்று இப்போது விளங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா வேலை முடிந்து வந்து பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்து அங்கே போக அவளுக்குக் கால் வரவில்லை.