செம்பியன் போட்ட லைன்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் பாதியில் நீங்களே கண்டுபிடித்து என்னைக் கேவலமாக நினைப்பீர்கள்.

2012இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலூரில் எங்கள் வீட்டில் இன்டர்நெட் போய்விட்டது. நான் கத்திக்கொண்டிருந்தேன். என் மனைவி ஜான்சி மீன் கழுவியபடியே, "செம்பியன் இருந்தா இந்நேரம் சரி பண்ணியிருப்பாரு" என்று சொல்லிச் சிரித்தாள்.

எந்தச் செம்பியன்?

கல்யாணத்துக்கு முன்னால், 2005இல், சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அவளுக்கு டைப்பிங் வேலை. அங்கே சர்வரைப் பார்த்துக்கொண்டவனாம். அவ்வளவுதானாம். அவ்வளவுதான் என்றால் எதற்குச் சிரிப்பு?

2

அவனை மட்டம்தட்டி ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: 'செம்பியனுக்குத் தொப்பை. காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூச்சு வாங்கும்.'

ஜான்சி படித்தாள். "தொப்பையெல்லாம் கெடையாது. ஒல்லியாத்தான் இருப்பாரு." அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'செம்பியனுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவன்

(இதை முடிக்கவில்லை. ஒன்றும் தெரியாதவனை வைத்து சர்வர் கதை எப்படி எழுதுவது?)

3

சென்டருக்கு ஒரே டெலிபோன் லைன். உள்ளறையில் செம்பியனின் சர்வரில்தான் அது போய்ச் சேரும். மற்ற கம்ப்யூட்டர்களெல்லாம் அந்த சர்வர் வழியாகத்தான் இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். அறுந்தால் அவன்தான் மறுபடி டயல் செய்ய வேண்டும். ஜான்சி தன் மேசையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "செம்பியன், லைன் போடுங்க!"*

கல்லூரிப் பையன்கள் விடுவார்களா? "மச்சான், கூப்புடுது பாரு, லைன் போடுறா!" என்று உள்ளறையைப் பார்த்துக் கத்துவார்கள். சென்டரே சிரிக்கும். ஏன் சிரிக்கிறார்கள் என்று புரிந்த அன்று அவள் அழுதுவிட்டாள்.

(* ஒரு பெண் பின்னால் சுற்றுவதற்கும் ஊரில் அதே பெயர்தான் என்பது அவளுக்குத் தெரியாது. ஜெபம், படிப்பு, தூக்கம் என்று இருந்த வீட்டில் அந்த அர்த்தம் நுழைய இடமில்லை.)

4

செம்பியனை மாட்டிவிட அருமையான இடம். அவனும் சேர்ந்து சிரித்தான் என்று எழுதினேன்.

"பொய்யி" என்றாள் ஜான்சி. "அவரு சிரிக்கவே இல்ல. மறுநாளு சர்வர்ல என்னமோ மாத்தி வச்சாரு. அதுலேருந்து யாரு எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் அதுவே டயல் பண்ணிக்கும். இனிமே யாரையும் கேக்க வாணாம்னாரு."

எனக்கு வயிறு எரிந்தது. அவள் வாயால் தன்னைக் கூப்பிட இருந்த ஒரே காரணத்தை அந்தப் பாவி தானே ஒழித்துக்கட்டியிருக்கிறான். நான் இவளுக்காக எதை விட்டேன்? சிகரெட்டைக்கூட டாக்டர் மிரட்டித்தான் விட்டேன். என் கதையில் என்னைவிட நல்லவன் ஒருவன் இருப்பதை நான் எதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

5

ஆகவே முடிவு: 'செம்பியன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். ஜான்சிக்கு அவன் முகமே மறந்துவிட்டது.'

எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. ஜான்சி படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் அவருகிட்ட ஒரு வார்த்த பேசலீங்க. பேச என்ன இருக்கு? எல்லாம் தானா ஆவுது."

"அவ்வளவுதானே?"

"ஃபோன் ஒயரு எம் மேசைக்கு அடியிலதான் போவும்" என்றாள். "ஒருநா அதக் காலால புடுங்கி வுட்டுட்டேன்."

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

செம்பியன் எழுந்து வந்தானா? மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தானா? பார்த்துவிட்டு அவளிடம் என்ன சொன்னான்? கேட்க எனக்குத் தைரியமில்லை. எழுதிப் பார்க்கலாம் என்றால் கை வரவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அவன் வரவில்லை என்று எழுதினால் ஜான்சி தாங்கமாட்டாள். வந்தான் என்று எழுதினால் நான் தாங்கமாட்டேன்.