சோதனை முகவரி

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். இரண்டு முட்டை வேகவைத்து ஒன்றைச் சாப்பிட்டேன். சட்டையைத் தேய்க்காமல் போட்டுக்கொண்டேன். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தேன். எட்டரைக்கு ஆபீசில் இருந்தேன். நான்கு மாதமாக இப்படித்தான்.

வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு விடும் கம்பெனி எங்களுடையது. கோளாறு வந்தால் மெஷினே உதவிப் பிரிவுக்கு மெயில் அனுப்பும். அனுப்பியதும் அதில் ஒரு பச்சை விளக்கு எரியும். மெக்கானிக் வருகிறார் என்று வீட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள். நடுவில் இருப்பது என் புரோகிராம். மெயிலை எடுக்கும், சர்வரிலிருந்து அழிக்கும், மெக்கானிக்குக்கு அனுப்பும்.

மெயில் அனுப்பவும் வாங்கவும் வைத்திருந்த லைப்ரரி, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, பழசாகிவிட்டது. ஒரு வாரமாகப் புதியதை அமைத்துக்கொண்டிருந்தேன். சர்வர் பெயர், போர்ட் எண், கடவுச்சொல், எத்தனை நொடி காத்திருப்பது. பழைய கோப்பிலிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்து ஒட்டினேன். ஒன்பது மணிக்கு ஓடவிட்டேன். பிழை எதுவும் காட்டவில்லை.

பத்து இருபதுக்கு மெக்கானிக் ஆபீஸ் போனில் கூப்பிட்டார். எங்களுக்கு அவர் ஸ்பேனர் அண்ணன்.

"என்ன தம்பி, காலையிலேர்ந்து ஒரு மெயிலும் காணோம். எல்லா மெஷினும் ஒரே நாள்ல திருந்திடுச்சா?"

"ஒண்ணு கூடவா வரல?"

"ரெண்டு டீ குடிச்சாச்சு. இப்படியே போனா என் வேலைக்கு நீயே உலை வச்சிடுவே."

"இருங்கண்ணா."

புரோகிராம் எழுதி வைக்கும் பதிவைப் பார்த்தேன். ஒன்பது மணியிலிருந்து ஏழு மெயில். ஏழுக்கும் நேரே 'அனுப்பப்பட்டது' என்று இருந்தது. கோப்பைத் திறந்தேன். நான் ஒட்டிய பத்தியின் கடைசி வரி, யாருக்குப் போக வேண்டிய மெயிலையும் ஒரே முகவரிக்குத் திருப்பிவிடச் சொன்னது. சோதனை செய்யும்போது போடுகிற வரி. வெளியாட்களுக்குக் குப்பை போகாமல் இருக்க. அந்த முகவரி என் மனைவியுடையது.

மூன்று வருடம் என் சோதனை மெயில் எல்லாம் அவளுக்குத்தான் போனது. வேறு யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். வாங்கிப் பார்ப்பதற்கும் அவள் பெட்டிதான். கடவுச்சொல்லும் அதே பத்தியில் இருந்தது.

எங்கள் சர்வரில் எல்லாம் அழிந்துவிட்டது. ஏழு மெயிலும் இருக்கும் ஒரே இடம் அவள் பெட்டி.

அவள் போன பிறகு அதை நான் திறக்கவில்லை. நான் ஆபீசில் இருந்தபோது வீட்டில் தனியாக விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். கையில் போன் இருந்தது, மெயில் பக்கம் திறந்தபடி. வேலை நேரத்தில் நான் என் செல்போனை எடுப்பதில்லை. அவசரமென்றால் மெயில் போடு என்று சொல்லி வைத்தவன் நான்தான். எனக்கு எதுவும் வரவில்லை. 'வா' என்று எழுதி, அனுப்ப முடியாமல் போயிருந்தால்? அவள் போனை அணைத்து அலமாரியில் வைத்தேன். தெரியாதவரை அது நடக்கவில்லை.

முதலில் அந்த வரியை நீக்கினேன். பிறகு அவள் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு எழுதினேன். 'எடுத்தபின் அழி' என்பதை 'வேண்டாம்' என்று மாற்றினேன். மூன்று முறை படித்தேன். ஓடவிட்டேன்.

வந்தவை 2316. அனுப்பியவை 904. வரைவு 1.

வரைவு என்ற சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு ஏழு மெயிலையும் எடுத்தேன். ஆறு சாதாரணம். பில்டர் மாற்று, பேட்டரி மாற்று. ஏழாவது, மெஷின் எண் 188: ஆக்சிஜன் அழுத்தம் இல்லை. நேரம் 9.41. இப்போது 10.29. ஸ்பேனர் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, நூத்தி எண்பத்தெட்டு யாரு?"

"ஸ்கூலுக்குப் பின்னாடி. ரிட்டயர்டு டிரைவர், மகளோட இருக்கார். ஏன்?"

"பிரஷர் போயிடுச்சு. ஒன்பது நாப்பத்தொண்ணுக்கே."

"ஸ்பேர் சிலிண்டர் ஒரு மணி நேரம்தான் தாங்கும், தம்பி."

"தெரியும்."

"தெரியுமாம்," என்று யாரிடமோ சொன்னார். பைக் உதைபடும் சத்தம் கேட்டது.

டிரைவர் வீட்டுக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள்.

"சிலிண்டர்ல போட்டிருக்கேன் சார். பச்சை விளக்கு எரியுதே, ஆள் கிளம்பிட்டாங்கல்ல?"

"கிளம்பிட்டாங்க. சிலிண்டர்ல முள்ளு எங்க இருக்கு?"

"சிவப்புல."

"போனை வைக்காதீங்கம்மா."

அவள் வைக்கவில்லை. பின்னால் ஒரு மூச்சு கேட்டது. இழுப்பது நீளமாக, விடுவது குட்டையாக. நடுவில் ஒன்றும் கேட்காத இடங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் மேசை விளிம்பை இறுகப் பிடித்தேன்.

"மெதுவாப்பா. மெதுவா," என்றாள்.

பதினோரு நிமிடம். பிறகு கதவுச் சத்தம், இரும்பு தரையில் இழுபடும் சத்தம், ஸ்பேனர் அண்ணன் குரல். "நகரும்மா. பெரியவரே, நீங்க பஸ் ஓட்டின காலத்துல யாரையும் இப்படிக் காக்க வச்சதில்லையா?"

ஒரு இருமல். கொஞ்ச நேரம் கழித்து, கிழவரின் தேய்ந்த குரல். "வச்சிருக்கேன். ஆனா திட்டு வாங்கிப்பேன்."

போனை வைத்தேன். திரையில் அந்தப் பட்டியல் அப்படியே இருந்தது. வரைவைத் திறக்க இனி எந்த அவசியமும் இல்லை. பச்சை விளக்கைப் பார்த்தபடி அந்தப் பெண் காத்திருந்தது மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. திறந்தேன்.

அவள் விழுந்த நாளின் தேதி. காலை 11.06. என் முகவரி. தலைப்பு இல்லை. உள்ளே எதுவும் இல்லை. லைப்ரரிக்குப் படிக்கத் தெரியவில்லையோ என்று மூல வடிவத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட இல்லை.

கூப்பிட்டிருக்கிறாள். என்ன சொல்ல வந்தாள் என்பது இனி வராது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா கேட்கும்போதெல்லாம், "உங்களைப் பாத்துக்கச் சொன்னா அத்தை" என்று சொல்லியிருக்கிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. அன்று காலை, செருப்பை மாட்டிக்கொண்டே, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். கட்டிலில் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"வெறும் தலைவலிதான். நீ போய் உன் மெஷினுக்கு வைத்தியம் பாரு."