கூடாரங்களிலிருந்து உதிர்ந்தவை

முகாம் முடிந்த மறுநாள் சலவைக்கூடத்தில் புல்வாசனை அடிக்கும். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் வெந்து ஆறும் அந்த இடத்தில், வருடத்தில் அன்று மட்டும் சோப்பு வாசனை கொஞ்சம் ஒதுங்கி வழிவிடும். சாரணர் படையின் கூடாரங்கள் ஈரத்தோடு வந்து மூலையில் குவிந்திருக்கும். வேலை முடிந்து எல்லோரும் போனபின், படையின் பொருள்களையும் பார்த்துக்கொள்ளும் இஸ்திரிக்காரர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, உலர்த்தும் அறையின் கம்பிகளில் தொங்கவிடுவார். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். அடுத்த முகாமில் பிள்ளைகள் தும்மித் தும்மியே இரவைக் கழிக்க வேண்டியிருக்கும்.

பிரிக்கும்போது ஏதாவது உதிரும். ஐந்து விரல் போல விரிந்த காய்ந்த இலை ஒன்று. மிட்டாய்த் தாள். கடித்து வைத்த பென்சில். ஒற்றைக் காலுறைகள். இஸ்திரிக்காரர் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். இலையைப் பார்த்தால் முகாம் இடத்தில் பெரிய மரம் ஒன்று இருக்கிறது என்று தெரியும். மணல் உதிர்ந்தால் பக்கத்தில் ஓடை. கூடாரத்தின் ஒரு பக்கம் மட்டும் மெழுகு சிந்தியிருந்தால், யாரோ சொல்பேச்சு கேட்காமல் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார்கள். இப்படி உதிர்ந்ததை வைத்தே அவர் அந்த முகாம் இடத்தை மனதுக்குள் கட்டி எழுப்பியிருந்தார். நேரில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் படை கூடும்போது, அவர் குறுக்கே ஒரு கயிறு கட்டுவார். கிடைத்த பொருள்களைத் துவைத்து, தேய்த்து, கிளிப் போட்டு அதில் மாட்டுவார். காலுறைக்குக்கூட மடிப்பு இருக்கும். பொருளுக்கு உரியவர் எழுந்து வந்து, தலை குனிந்து, "என்னோடதுதான்" என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் கைதட்டிக் கேலி செய்வார்கள். அது படையின் வழக்கமாகவே ஆகிவிட்டது. பிள்ளைகள் அவரைக் கூடார மாமா என்று கூப்பிட்டார்கள்.

அவர் ஏன் முகாமுக்குப் போனதே இல்லை? காரணம் மிகச் சின்னது.

பல வருடங்களுக்கு முன், கண்ணாடிக் கடை வைத்திருந்த பழைய படைத்தலைவர், "நீங்களும் வாங்களேன்" என்று கேட்டார். இஸ்திரிக்காரர், "லீவு கிடைக்காதுங்க, எனக்கு எதுக்கு" என்றார். பேச்சுக்குத்தான் சொன்னார். யாராவது கூப்பிட்ட உடனே சரி என்று எழுந்துவிட்டால் அலைகிறவன் என்று நினைப்பார்களே என்று, முதலில் ஒரு மறுப்பு சொல்லி வளர்ந்தவர். இன்னொரு தடவை கேட்டால் போகலாம் என்று காத்திருந்தார். கண்ணாடிக் கடைக்காரரோ சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் மனிதர். "சரிங்க, உங்க வசதி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு மருந்துக் கடை நடத்தும் பெண் தலைவியானாள். பொறுப்பை ஒப்படைக்கும்போது கண்ணாடிக் கடைக்காரர் சாவியோடு ஒரு புத்திமதியும் சேர்த்துக் கொடுத்தார். "கூடார மாமா தங்கமான மனுஷன். ஆனா தனியா இருக்கறதுதான் அவருக்குப் பிடிக்கும். முகாமுக்கு மட்டும் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தாதே." அவளும் நல்ல மனதோடு அதைக் கடைப்பிடித்தாள். ஒருவரை நோகடிக்கக் கூடாது என்ற நினைப்பே ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவதும் உண்டு. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

அவருக்கு மனைவி மக்கள் இல்லை. சலவைக்கூடத்துக்கு மேலே ஒரே ஓர் அறை. முகாம் நடக்கும் சனி, ஞாயிறுகளில் அந்த அறை மற்ற நாள்களைவிடப் பெரிதாகிவிட்டதுபோல அவருக்குத் தோன்றும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கடவுளே, பிள்ளைகள்மேல் மழை பெய்யாமல் பார்த்துக்கொள்" என்று வேண்டிக்கொள்வார். பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே தேய்த்த சட்டையை எடுத்து இன்னொரு தடவை தேய்ப்பார்.

இந்த வருடம் முகாமுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை, கூடம் சந்தைக்கடையாக இருந்தது. பைகள் ஒரு பக்கம், பாத்திரங்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் கூடாரங்களைச் சுருட்டி, உள்ளே இருக்கும் காற்று போவதற்காக அவற்றின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரிக்காரர் கூடாரக் கயிறுகளைக் கட்டும் முளைகளை எண்ணிப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, இவன் உக்காந்தா காத்து போகாது. இவனே காத்துதான்," என்றாள் ஒரு சிறுமி. வாய் ஓயாது என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"நீ உக்காரு. வாயை மூடிக்கிட்டு உக்காரு, அப்பதான் வெயிட்டு வரும்," என்றான் அந்தப் பையன்.

"சண்டை போடாம உருட்டுங்க," என்றார் இஸ்திரிக்காரர். "மடிப்பு மேல மடிப்பு வரக் கூடாது. ஒரே இடத்துல மடிஞ்சா துணி அங்கதான் கிழியும்."

அப்போது தலைவியின் கைப்பேசி அடித்தது. ஒவ்வொரு வருடமும் துணைக்கு வரும் பல் டாக்டர்.

"இடுப்பா?" என்றாள் அவள். "நேத்து நல்லாத்தானே டாக்டர் இருந்தீங்க... குனிஞ்சப்பவா... சரி, சரி, நீங்க அசையாதீங்க. இல்ல, நான் பாத்துக்கறேன். நீங்க படுங்க."

பேசி முடித்தவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். படையில் பதிவான பெரியவர்கள் இருவர் இல்லாமல் பிள்ளைகளை வெளியே தங்கவைக்கக் கூடாது. அது கண்டிப்பான விதி. விடிந்தால் பஸ் வந்துவிடும்.

அவள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். கண்ணாடிக் கடைக்காரர் மகன் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தார். உதவித் தலைவருக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. இன்னொருத்திக்குக் கைக்குழந்தை. ஒவ்வொரு தடவையும் "பரவாயில்லைங்க" என்று அவள் சொல்லும்போது குரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

கூடத்தில் இன்னொரு பதிவான பெரியவர் இருந்தார். பொருள் காப்பாளர் என்று அவர் பெயர் முதல் வருடத்திலிருந்தே பதிவில் உண்டு. அவளுக்கு மூன்றடி தள்ளி, முளைப்பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார். அவள் கண் ஒருமுறை அவர்மேல் விழுந்தது. உடனே, தெரியாமல் கை பட்டதுபோல, விலகிக்கொண்டது.

அவருக்கு அது புரிந்தது. ஆனால் தப்பாகப் புரிந்தது. 'நம்மை எதுக்கும் ஆகாதவன்னு நினைக்கறாங்க போல' என்று மனம் சுருங்கியது. கேட்காத இடத்தில் போய் நிற்பதா? ஆள் கிடைக்காத நேரம் பார்த்து நுழைகிறான் என்று நினைத்துவிட்டால்?

"எல்லாரும் இங்க வந்து உக்காருங்க," என்றாள் தலைவி. "ஒரு விஷயம் சொல்லணும்."

பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் குரல் நன்றாகத் தெரியும். சத்தம் தானாக அடங்கியது. ரேடியோகூட வாயைத் திறக்கவில்லை. காற்று போன கூடாரங்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. இந்த முறை அவை எங்கும் போகாது. ஒரு புல்கூட ஒட்டாமல் அப்படியே அலமாரிக்குத் திரும்பும்.

இஸ்திரிக்காரர் கண்ணை மூடித் திறந்தார். 'கடவுளே, புத்திசாலித்தனமா பேச வேண்டாம். குரல் வந்தா போதும்.'

"நான் வரட்டுமா?" என்றார்.

குரல் வந்தது, ஆனால் பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கும் அளவுக்குத்தான். தலைவி திடுக்கிட்டுத் திரும்பினாள். பழைய புத்திமதி அவளை முந்திக்கொண்டு பேசியது.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்? வாரம் பூரா நின்னு வேலை பாக்கறீங்க. எங்களுக்காகச் சொல்லாதீங்க. பரவாயில்ல."

இஸ்திரிக்காரர் தலையாட்டினார். பழக்கத்தில் ஆடிய தலை அது. கை தானாக முளைப்பையைத் தேடிப் போனது. மரியாதையாகக் கேட்டாகிவிட்டது, மரியாதையாக மறுத்தாகிவிட்டது. இதோடு விட்டால் யாருக்கும் முகம் கோணாது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இது அவருடைய பேச்சு. கண்ணாடிக் கடைக்காரரிடம் அவர் அன்று சொன்னதை இவள் இன்று அவரிடம் சொல்கிறாள். அன்று எந்த இரண்டாவது கேள்விக்காக இத்தனை வருடம் காத்திருந்தாரோ, அதை இன்று கேட்க வேண்டியவர் அவர்தான்.

பையைக் கீழே வைத்தார்.

"சிரமம் இல்லம்மா. நான் பேச்சுக்குச் சொல்லல. எனக்கு வரணும்னு இருக்கு," என்றார். "ரொம்ப நாளாவே இருக்கு."

தலைவி அவரையே பார்த்தாள். "உங்களுக்குத் தனியா இருக்கறதுதான் பிடிக்கும்னு சொன்னாங்களேண்ணே."

"யாருக்கும்மா பிடிக்கும்?" என்றார் அவர். குற்றம் சொல்லும் குரல் இல்லை. மணி என்ன என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்.

"நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றாள்.

"நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

லீவுக்காகச் சலவைக்கூட மேற்பார்வையாளர் அம்மாளுக்கு அங்கேயே போன் போட்டார். சனிக்கிழமை ஒரு நாள் வேண்டும் என்றார். "உனக்கு லீவு கேக்கத் தெரியுமா?" என்றார் அந்த அம்மாள். "நான் உன்னையும் மெஷினோட சேர்த்து வாங்கினாங்கன்னு இல்ல நெனச்சேன். போ, போயிட்டு வா."

தலைவி முகாம் படிவத்தில் பல் டாக்டரின் பெயரை அடித்து இவர் பெயரை எழுதினாள். பிறகு பேனாவை நிறுத்தி, "அவசரம்னா வீட்டுல யாருக்குண்ணே சொல்லணும்?" என்றாள்.

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அவர் யோசித்தார். அறை, கட்டில், இஸ்திரிப் பெட்டி, ஜன்னல். சொல்வதற்கு ஒருவரும் அகப்படவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தலைவியின் முகம் வாடிவிட்டது.

"எங்க அம்மா நம்பரைப் போடுங்க அக்கா," என்றாள் ரேடியோ. இவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததே அவளுக்குப் பெரிய விஷயம். "எனக்கு ஏதாவது ஆனா எப்படியும் ஓடி வரணும். மாமாவுக்கும் சேர்த்தே ஓடி வரட்டும். பஸ் காசு மிச்சம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். தலைவி எழுதினாள். இஸ்திரிக்காரர் முளைப்பையை எடுப்பதுபோலக் குனிந்துகொண்டார். சின்னப் பிள்ளைகளின் வாயில் கடவுள் சில நேரம் இப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

மறுநாள் முகாமில் அவருடைய கூடாரம்தான் கடைசியாக நின்றது. அது நின்ற அழகைப் பார்த்துப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கூடாரத்தின் ஒவ்வொரு தையலும் அவருக்கு அத்துப்படி. ஆனால் அதைக் கட்டத் தெரியவில்லை. வாசலைக் காற்று வரும் பக்கம் வைத்துவிட்டார். எல்லோருக்கும் தட்டும் குவளையும் எடுத்து வைத்தவர் தனக்கு எடுக்க மறந்திருந்தார். பழக்கத்தில் தன்னை எண்ணாமல் விட்டுவிட்டார். குழம்புச் சட்டியின் மூடியில் சாப்பிட்டார்.

தூக்கமும் சரியாக வரவில்லை. பக்கத்துக் கூடாரங்களில் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் குசுகுசுத்தார்கள். இவர் கூடாரத்தில் இவர் மட்டும்தான். ஆனாலும் துணிச்சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ புரண்டு படுப்பது கேட்டது. சுவர் மெலிதாக இருப்பதும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார். விடிந்ததும் வெளியே வந்து, மரத்தடியில் போய் நின்றார். ஐந்து விரல் இலை. கீழேயிருந்து பார்த்தால் அத்தனை கைகளும் அசைந்தன. அவர் நினைத்து வைத்திருந்ததைவிட மரம் சின்னதுதான்.

திங்கட்கிழமை சலவைக்கூடத்தில் புல்வாசனை அடித்தது. எல்லோரும் போனபின் அவர் கூடாரங்களைப் பிரித்தார். மேலே அவருடைய அறை வழக்கம்போல இருட்டாக இருந்தது. யாரும் விளக்குப் போட்டு வைத்திருக்கவில்லை. ஓர் இலை விழுந்தது. எந்தக் கிளையிலிருந்து என்றுகூட அவரால் சொல்ல முடியும். கடைசிக் கூடாரத்தை உதறியபோது ஒரு காலுறை விழுந்தது. சாம்பல் நிறம், பெரியவர்கள் போடுவது, குதிகாலில் ஒட்டுத் தையல்.

எடுத்துச் சட்டைப்பையில் போடப் போனவர் நிறுத்திக்கொண்டார். மற்றவற்றோடு சேர்த்துத் துவைத்தார். காய்ந்ததும் மடிப்பு வைத்துத் தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் கயிறு கட்டி, எல்லாவற்றையும் மாட்டி, அதையும் ஓரமாக மாட்டினார். பிறகு வழக்கமாக நிற்கும் கதவோரத்தில் நிற்காமல், பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ஒவ்வொன்றாகப் பொருள்கள் கயிற்றை விட்டு இறங்கின. கைதட்டல், கேலி. கடைசியில் அது ஒன்று மட்டும் தனியாகத் தொங்கியது.

"இது யாரோடது?" என்றாள் ரேடியோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு. "எவ்ளோ பெரிய கால்."

கூடார மாமா முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். தலையைக் குனிந்துகொண்டு கயிற்றை நோக்கி நடந்தார்.