உப்பில்லாத சமையல்

எண்பத்தொன்று. போன வாரமும் எண்பத்தொன்று. அதற்கு முந்தின வாரமும் இந்தப் பாழாய்ப்போன எண்பத்தொன்றுதான். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு வாசலில் கிடந்த எடை மெஷினில் நின்றபடி அக்கா செருப்பைக் கழற்றினாள், கைக்கடிகாரத்தைக் கழற்றினாள், தலையிலிருந்த கிளிப்பைக்கூட எடுத்துப் பார்த்தாள். முள் அசைவேனா என்றது.

"இனிமே கழட்டுறதுக்கு ஒண்ணும் இல்லக்கா, இறங்குங்க," என்றாள் நர்ஸ். "சாப்பாட்டுல எங்கயோ ஓட்டை இருக்கு. பாருங்க."

"என்ன ஓட்டை? தம்பிதான் சமைக்கிறான். வெறும் வெந்த காய்."

அந்தத் தம்பி உள்ளே கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருந்தான். சிறுநீரகம் இரண்டும் அவனைக் கைவிட்டு ஒரு வருஷம் ஆகிறது. அக்காவுடையது அவனுக்குப் பொருந்தும் என்று எல்லாப் பரிசோதனைகளும் சொல்லிவிட்டன. பெரிய டாக்டர்தான் கறார்ப் பேர்வழி. எழுபத்தைந்துக்கு இறங்கி வந்தால்தான் கத்தி வைப்பேன், இல்லையென்றால் உங்கள் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்றுவிட்டார்.

கேட்டதும் அக்கா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஒரே மாதத்தில் முடித்துவிடுகிறேன் பார் என்று கிளம்பினாள். தான் வேலை பார்க்கும் பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில், கிழித்த டிக்கெட்டும் கையுமாக மயங்கி விழுந்ததுதான் மிச்சம். அப்புறம் இதே நர்ஸ்தான் பிடித்து உட்காரவைத்துப் பேசினாள்.

"உடம்பு என்ன மூட்டையா, பொத்துனு இறக்கி வெக்கிறதுக்கு? மாசம் ரெண்டு கிலோ. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. வாரம் ஒரு தடவை பாருங்க, எழுதி வைங்க. தினம் தினம் ஏறி நின்னு அழாதீங்க."

அப்படியே செய்தாள். சமையலறைக் காலண்டரில் வாரத்துக்கு ஒரு எண். சாயங்காலம் வீட்டுக்கு ரொம்ப முன்னாலேயே பஸ்ஸைவிட்டு இறங்கி ஒரு நடை. முதல் சில மாதம் எண் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது. அப்புறம் யார் கண் பட்டதோ, கல்லுளிமங்கன் மாதிரி எண்பத்தொன்றில் உட்கார்ந்துகொண்டது.

அக்காவுக்கு அலுத்துவிட்டது. நடக்க அலுப்பு, எழுத அலுப்பு, நாளைக்கும் இதேதானா என்று நினைக்கவே அலுப்பு. கூடப் பிறந்தவனுக்காக ஆறு கிலோ குறைக்கத் துப்பில்லாத ஜென்மம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

இத்தனைக்கும் சாப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தம்பிக்கு அச்சகத்து வேலை போனபிறகு, இந்த ரெண்டு மாதமாக, அவன்தான் சமையல். அவனுக்கு உப்பு கூடாது, ஆகவே வீட்டிலேயே உப்பு கிடையாது. காய்கறியை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மசித்து வைப்பான். அதுவோ தேவாமிர்தமாக இருக்கும். "உப்பே இல்லாம எப்படிடா இப்படி வருது?" என்று கேட்டால், "எல்லாம் கைப்பக்குவம்," என்று சிரிப்பான். நாள் முழுக்க அவன் சிரிப்பது அந்த ஒரு தடவைதான் என்பதால் அவளும் தினமும் கேட்டுவைத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தம்பி எழுந்திருக்க முடியாமல் சுருண்டு படுத்துவிட்டான். அக்காவே அடுப்படிக்குப் போனாள். அதே காய், அதே வேகல், அதே மசியல். வாயில் வைத்தால் சுவரைச் சுரண்டித் தின்ற மாதிரி இருந்தது. கைப்பக்குவத்துக்கும் ஒரு அளவு இல்லையா? ஃபிரிட்ஜைத் திறந்து துழாவினாள். தம்பியின் மருந்துப் பெட்டிக்குப் பின்னால் துணி சுற்றி ஒரு வெண்ணெய்க் கட்டி, முக்கால்வாசி தீர்ந்துபோய். அதன் அடியில் இன்னும் பிரிக்காதது இரண்டு.

கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள்.

"இது என்னடா?"

அவன் பார்த்தான். மறுக்கவில்லை.

"நீ எழுபத்தஞ்சுக்கு வந்துட்டா உன்னையும் படுக்கப்போட்டு அறுப்பாங்கக்கா," என்றான். "உனக்கு ஏதாவது ஆயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

கத்தத்தான் வந்தாள். கால் கடுக்க நடந்தது, மயங்கி விழுந்தது, தன்னைத் தானே கரித்துக்கொட்டியது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. கத்துவதற்குத் தெம்பு இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டும் யாருடா இருக்கா?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் வெண்ணெயைக் குப்பையில் போடவில்லை, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். போட்டால் வேறு வாங்கி வருவான். அவனாக விட்டால்தான் உண்டு.

மறுநாள் வேலையில் மனசு ஓடவில்லை. ஊர் மாற்றி டிக்கெட் கொடுத்து இரண்டு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இன்றைக்கும் நடக்கணுமா என்று கால் கெஞ்சியது. யாருக்காக என்று தெரியாமலே நடந்தாள். வீட்டில் தம்பி எழுந்து சமைத்து வைத்திருந்தான். தட்டை நீட்டும்போது அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

ஒரு வாய் எடுத்து மென்றாள். உப்பும் இல்லை, சப்பும் இல்லை. வெறும் வெந்த காய்.

"எப்படி இருக்கு?" என்றான்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கண்றாவியா இருக்குடா," என்றாள். "இன்னும் கொஞ்சம் போடு."