பலாசாவுக்கு முன்னால் கதவு திறந்தது

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்தாளில் பிறந்தது. அதை மறைத்துவிட்டுத் தொடங்கத்தான் பார்த்தேன். “விடியலின் பொன்னொளியில் கடற்கரை நெடுஞ்சாலை” என்று ஒரு தொடக்கம். சீ! “நூக்கராஜு ஸ்டியரிங்கைப் பிடித்தால் லாரி அவர் சொன்னபடி” என்று இன்னொன்று. அதையும் பாதியில் விட்டுவிட்டேன். அவர் லாரி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. திரையில் பச்சைப் புள்ளியாக நகர்ந்ததை மட்டும் தினமும் பார்த்தேன்.

ஆந்திராவின் பீமவரத்தில், லாரிகளுக்குக் கண்காணிப்புக் கருவி பொருத்தும் கம்பெனியில் எனக்கு வேலை. கல்யாணமாகி இங்கே வந்தவள். ஒரு காலத்தில் தமிழ்ப் பத்திரிகையில் கதை வந்தது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கம்பெனியின் ‘வெற்றிக் கதை’ எல்லாம் என் தலையில்தான், தெலுங்கில்.

இப்போதைய வெற்றிக் கதை அச்சுக்குத் தயாராக இருக்கிறது. மேனேஜரிடம் இன்று நான் ‘சரி’ என்றால், ஒரு மனிதர் அச்சில் திருடர் ஆகிவிடுவார். அவர் திருடவில்லை. அது எனக்குத் தெரியும்.

2

கருவியைத் திட்டி எழுதுவது சுலபம். திட்டமாட்டேன். வர்மா காருவின் (‘காரு’ என்றால் இங்கே மரியாதை) குளத்து மீன் லாரிகள் பக்கத்து ஊரான ஆகிவீட்டிலிருந்து ஹவுரா வரை போகின்றன. முன்பெல்லாம் வண்டி ஆகிவீட்டை விட்டால் கடவுள் விட்ட வழி. டீசல் எங்கே கரைந்தது, பிரேக்கை ஏன் இப்படி மிதித்தார்கள், ஐஸ் எந்த ஊரில் உருகியது, யாருக்கும் தெரியாது. இப்போது வண்டியின் வேகம், நிற்கிற இடம், பெட்டிக்குள் குளிர், பின்கதவு திறந்ததா மூடியதா, எல்லாம் என் மேசைக்கு வருகிறது. டீசல் செலவு குறைந்தது. மீன் அழுகாமல் போய்ச் சேர்ந்தது. தூங்கி வழிந்த ஓட்டுநர் ஒருவரை நானே போன் போட்டு எழுப்பியிருக்கிறேன். அவர் மனைவி எனக்குப் பூதரேக்குலு இனிப்பு கொடுத்தனுப்பினாள்.

(இந்தப் பத்தி என்னை நல்லவளாகக் காட்டத்தான் இருக்கிறது. எடுத்துவிடலாம். வேண்டாம், இருக்கட்டும்.)

3

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை. நூக்கராஜுவின் புள்ளி வழியில் பலாசா ஊருக்கு முன்னால், நிற்கக்கூடாத இடத்தில் நின்றது. கதவு திறந்தது. உள்ளே சூடு ஏறியது. திரை சிவப்பாகக் கத்தியது. நான் வர்மா காருவுக்குத் தகவல் கொடுத்தேன். அது என் வேலை.

நூக்கராஜு திரும்பி வந்ததும் வர்மா காருவின் ஆபீசில் விசாரணை. நானும் இருந்தேன்.

“எங்கடா நிப்பாட்டினே?”

“ஒண்ணுக்குப் போக, பாபு.”

“ஒண்ணுக்குப் போக பின்கதவை எதுக்குடா திறந்தே? மீனுக்கும் அவசரமா வந்துச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

நூக்கராஜு தலையைச் சொறிந்தார். “மீன் எடுத்தேன் பாபு. வித்துட்டேன்.”

“ஹவுராவுல பெட்டி எண்ணிக்கை சரியா இருந்துச்சே” என்றேன் நான்.

“பெட்டிக்கு நாலு மீனை உருவினா யாருக்கும்மா தெரியும்?” என்றார் வர்மா காரு. “அதான் அவனே ஒத்துக்கிட்டானே.”

வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, மீன் பெட்டி கழுவுகிற வேலைக்கு அவரை அனுப்பினார்கள். என் மேனேஜருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “சூப்பர் ஸ்டோரி மேடம்! கருவி திருடனைப் பிடிச்சிருக்கு. இதை வெச்சே நம்ம புதுக் கதவுப் பூட்டை வித்துடலாம்!” என்றார்.

4

ஒரு கதாபாத்திரத்தின் மேல் எழுத்தாளருக்குச் சந்தேகம் வருவது இப்படித்தான்.*

* அறத்தினால் அல்ல. எனக்கு ஒரு தாபாக்காரன் தேவைப்பட்டான். வாங்கியவன் இல்லாமல் விற்ற காட்சியை எப்படி எழுதுவது?

முதல் படியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, மெருகேற்றுவதற்காக நூக்கராஜுவுக்குப் போன் போட்டேன்.

“யார்கிட்ட வித்தீங்க?”

“ஒரு தாபாவுல, மேடம் காரு.”

“அவன் பேரு?”

“நீங்களே நல்லதா ஒண்ணு வைங்க.”

“அது கடலோர ஊராச்சே. நம்ம குளத்து மீனைக் கண்டாலே சேத்து வாடைன்னு மூஞ்சியைத் திருப்புவாங்களே. எவன் வாங்கினான்?”

“கதைக்கு அதெல்லாம் எதுக்கு மேடம் காரு?” என்றார்.

கதையில் ஓட்டை விழுந்துவிட்டது. அதை அடைக்கத்தான் பெட்டி கழுவும் கொட்டகைக்குப் போனேன். அவர் பேரைக் காப்பாற்றப் போனதாக எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

5

அவர் கழுவுவதை நிறுத்தாமலே சொன்னார். நான் மெருகேற்றவில்லை.

“புயல்ல கரண்டு போயிருந்துச்சு. ரோட்டுல ஒரு பெரியவரு துண்டை விரிச்சிட்டு நின்னாரு. ஐஸ் வண்டி முன்னால துண்டு விரிஞ்சா, அது சாவு வீடு. எங்க லைன்ல எவனும் தாண்டிப் போகமாட்டான். ஐஸ் குடுத்துட்டுத்தான் போவணும். யாரு எவருன்னு கேக்கக் கூடாது, காசு வாங்கக் கூடாது, ஆகிவீட்டுலயும் சொல்லக் கூடாது, ஹவுராவுலயும் சொல்லக் கூடாது.”

“யாரு செத்தது?”

“கேக்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்?” என்று சிரித்தார். “பெரியவரு தானா அழுதுக்கிட்டே சொன்னாரு. அவரு பொண்டாட்டி. மகன் மெட்ராஸ்ல கட்டட வேலை. அவன் வந்து மூஞ்சி பாக்கற வரைக்கும் வைக்கணுமாம். மேலடுக்கு ஐஸை ரெண்டு கோணியில அள்ளிக் குடுத்தேன்.”

“இதை வர்மா காருகிட்ட சொல்றதுக்கென்ன?”

“அய்யோ, உங்களுக்குத் தெரியாதா? சாவுக்குத் திறந்த வண்டின்னு ஹவுராவுல ஒரு வாய் சொன்னாப் போதும், அந்த வண்டிச் சரக்கை எவன் தொடுவான்? முதலாளி பாபு வண்டியையே விக்கணும். திருட்டுன்னா என்னோட போச்சு. திருடனை நாலு மாசத்துல மறந்துடுவாங்க மேடம் காரு. சவ வண்டியை மறக்கமாட்டாங்க. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

சொல்லமாட்டேன் என்றேன்.

அவர் மனைவி சத்தியவேணி சோற்றுத் தூக்கோடு வந்தாள். மேனேஜர் என் முதல் படியை வர்மா காருவுக்கு அனுப்ப, வர்மா காரு அதை லாரிக்காரர்கள் குரூப்பில் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தூக்கைத் தொப்பென்று வைத்தாள்.

“திருடன்னு ஊரு சொல்லுது. அது இவரா இழுத்து விட்டுக்கிட்டது. எங்க அண்ணன் நீங்க எழுதினதைப் படிச்சுட்டு, ‘என்னமா எழுதியிருக்காங்க, சினிமா மாதிரி இருக்கு’ன்னான் அக்கா. அதான் வயிறு எரியுது.”

எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல் இருந்தது. வெட்கத்தோடு வெட்கமாக இதையும் சொல்லிவிடுகிறேன். ‘சினிமா மாதிரி’ என்றபோது, ஒரு நொடி, உள்ளே எனக்குக் குளிர்ந்தது.

6

முடிவுகள்.

முதல் முடிவு: நான் வர்மா காருவிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் கண் கலங்கி நூக்கராஜுவைக் கட்டிக்கொள்

(முடியாது. வர்மா காரு நல்லவர்தான். ஆனால் மாதத்தின் முதல் லோடுக்கு எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டியை எடுக்கவிடாதவர். அன்றைக்கே வண்டியை மஞ்சள் தண்ணீரில் கழுவி, விலை பேச ஆள் அனுப்புவார். நூக்கராஜுவுக்கு வேலையும் போகும், பட்ட பாடும் வீண்.)

இரண்டாவது முடிவு: திருட்டை எடுத்துவிட்டு டீசல் சேமிப்பை எழுதுகிறேன். சொல்லிப் பார்த்தேன். “டீசலைப் படிச்சு யாரு மேடம் அழுவா?” என்றார் மேனேஜர். அவருக்குத் திருடன்தான் வேண்டும். அந்தத் தாளின் கடைசி வரி, “இனி உங்கள் அனுமதியின்றி எந்தக் கதவும் திறக்காது.” எல்லோரும் பாராட்டிய வரி. நான் எழுதியது.

அந்தப் பூட்டு வந்துவிட்டால், கதவைத் திறக்கும் எண் என் மேசையில் இருக்கும். ரோட்டில் துண்டு விரிந்தால் ஓட்டுநர் எனக்குப் போன் போட வேண்டும். காரணத்தைக் கேட்டுப் பதிவு செய்யாமல் நான் எண்ணைக் கொடுக்க முடியாது. காரணத்தைச் சொல்ல அவரால் முடியாது. ஆக, வண்டி நகர்ந்துவிடும். நூக்கராஜு எதற்காகத் திருடன் பட்டம் வாங்கினாரோ, அந்த ஐஸ் வழக்கத்தையே என் கதைதான் ஒழித்துக்கட்டும்.

மூன்றாவது முடிவை எழுதவில்லை. அது நடந்துகொண்டிருக்கிறது.

7

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஆகிவீட்டில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. கொடுத்த வாக்கு உடையாது, உண்மையும் ஓரிடத்தில் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அத்தனையும் பொய். காசு கொடுக்காமல் யோக்கியப் பட்டம் வாங்கப் பார்க்கிறேன். திருடன் என்று நூக்கராஜுவுக்குப் புரிகிற மொழியில் எழுதினேன். திருடவில்லை என்பதை அவருக்குப் புரியாத மொழியில் எழுதுகிறேன். தூ, இதுவும் ஒரு எழுத்து!

ஆனால் எழுதிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. ஒருவன் இருக்கிறான். உங்கள் ஊரில், மெட்ராஸில், ஏதோ ஒரு கட்டடத்தில் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறான். பலாசாப் பக்கத்துக்காரன். புயலுக்கு மறுநாள் அம்மா போய்விட்டாள் என்று ஓடினானே, அவன். கரண்டு இல்லாத ஊரில் அம்மாவின் முகம் கெடாமல் அவனுக்குக் கிடைத்தது. அந்த ஐஸை யார் கொடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரியாது. கொடுத்தவர் திருடன் ஆனதும் தெரியாது. இத்தனை வருஷத்தில் தமிழைக் காதாலாவது பழகியிருப்பான். நீங்கள் படித்துக் காட்டினால் புரியும். அவன் வர்மா காருவுக்கு ஒரு போன் போட்டால் நூக்கராஜுவின் பேர் மீளும். வண்டியின் பேர் போகும்.

படித்துக் காட்டுவீர்களா? காட்டலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குக் கேட்க வாய் இல்லை.

மேனேஜர் கூப்பிடுகிறார், தாள் அச்சுக்குப் போகலாமா என்று கேட்க. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.